மூசாங்குக்கு நோட்டீஸ் கொடுத்தவர்

பினாங்குத் தீவிலேயே ஒரு மிருகத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, அதைக் காலி செய்யவும் வைத்த ஒரே மனிதர் எங்கள் தெரு நோட்டீஸ் அண்ணேதான். நம்பாதவர்கள் டத்தோ கிராமாட்டுக்கு வாருங்கள், எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் முப்பது வருடமாக அவர் பார்த்த வேலை. ரிட்டையர் ஆன பிறகும் வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி வேலி தாண்டினால்கூட, "முறைப்படிதான் போகணும்" என்பார்.

எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு தாசேக் கெலுகோர். விசேஷத்தை வீட்டிலேயே வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் பின்பக்கம் மரப்பலகையில், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, மேடை மாதிரி அகலமாக ஒரு டெக் போட்டார். போட்ட கொஞ்ச நாளில் அங்கே கமகமவென்று பாண்டான் இலை வாசம். பக்கத்து வீட்டு அக்கா தினமும் அந்த இலை போட்டு நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, ஆக்குகிறாள், ஒரு பொட்டலம் கொடுக்க மனசு வரவில்லையே என்று எனக்கு எரிச்சல். இரண்டு வாரம் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். ஒருநாள் அவளே வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன்டி, தினம் தினம் நாசி லெமாக் ஆக்கி நீங்களே சாப்பிடுறீங்களா? கொஞ்சம் குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

ஆக்கியது அவளும் இல்லை, நானும் இல்லை! இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம்.

நோட்டீஸ் அண்ணேயைக் கூப்பிட்டேன். வந்தவர் அந்த வெள்ளைச் சட்டையோடு புல்லில் குப்புறப் படுத்து, டெக்குக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"நாசி லெமாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூசாங் லா! அது உடம்பு வாசந்தான் இது. தாயும் மூணு குட்டியும் குடித்தனம் பண்ணுது."

மூசாங் என்றால் மரநாய். ஊர்க் கூரையெல்லாம் ஏறிப் பழம் தின்று திரியும் பிராணி.

என் வீட்டுக்காரர் குதித்தார். "மூணு வாரத்துல விசேஷம் அண்ணே! இன்னைக்கே கம்பிவலை போட்டு அடைச்சிடலாம்."

"அடைச்சா குட்டிங்க உள்ளேயே செத்துப் போகும், தம்பி. தாய் சும்மா இருக்குமா? உங்க பலகையைப் பிச்சு எறிஞ்சிடும். அப்புறம் நாத்தம் வேற. சம்பந்தி மூக்கைப் பிடிச்சுக்கிட்டா தட்டு மாத்துவாரு?"

இப்போதைக்கு அடைக்கவே வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா தும்மலுக்குக்கூட சகுனம் பார்ப்பவர்.

மறுநாள் அண்ணே மூன்று மொழியில் நோட்டீஸ் எழுதிவந்து டெக் ஓரத்தில் ஒட்டினார். பிறகு நிமிர்ந்து நின்று உரக்கப் படித்தார். "பிள்ளைகளோடு வசித்துவரும் தாங்கள், பதினான்கு நாளுக்குள் இவ்விடத்தைக் காலி செய்ய வேண்டியது."

"அதுக்குத் தமிழ் தெரியுமா அண்ணே?"

"அதுக்குத்தானே மா மலாய்லயும் படிக்கப் போறேன்!"

நோட்டீஸ் மட்டும் போதாது, தொந்தரவும் வேண்டும் என்றார். "அதுக்குப் பகல்லதான் தூக்கம். தம்பி, உங்க கரோக்கே செட்டைத் தூக்கி டெக் மேல வைங்க."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரைப் பாடச் சொன்ன முதல் ஆள் இவர்தான். தினமும் மதியம் தொடங்கி விளக்கு வைக்கும் வரை கச்சேரி. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா தங்கை வீட்டுக்கே கிளம்பிப் போய்விட்டாள். மூசாங் மட்டும் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் அழுதேவிட்டேன்.

"மண்டபமே பாத்துக்கலாம் அண்ணே, என்னால முடியல."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே மா. கெடு முடியறதுக்குள்ள நாம குறை சொல்லக் கூடாது."

பதினான்காம் நாள், பொழுது சாயும் நேரம். என் வீட்டுக்காரர் உச்சஸ்தாயியில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மூசாங் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அவரை ஒரு முறை முறைத்துவிட்டுச் சுவரேறி, பின் சந்தில் பூட்டிக் கிடக்கும் பழைய கடைவீட்டுக்குப் போனது. திரும்பி வந்தது. மூன்று நடையில் மூன்று குட்டியும் போய்ச் சேர்ந்தன. நாங்கள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

அண்ணே அதோடு விடவில்லை. டெக்கைச் சுற்றி அரிசி மாவைத் தூவி, இரண்டு நாள் காலடி ஏதும் விழவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு சுற்றிலும் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி, கம்பிவலையை இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடித்து மண்ணை மூடினார். எது வந்து தோண்டினாலும் கம்பிதான் காலில் படும்.

நிச்சயதார்த்தத்தன்று அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணே!"

"இருக்கட்டும் மா. முப்பது வருசமா என்னைக் கண்டாலே கதவைச் சாத்துவாங்க. வாசல்லயே நின்னு பழகிடுச்சு."

என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். தட்டு மாற்றப் போகிற நேரம், மனிதர் சும்மா இருந்தாரா? எழுந்துபோய் டெக் ஓரத்தில் தடாலென்று குப்புறப் படுத்துவிட்டார், கடைசியாக ஒருமுறை சோதிக்க! இது எங்கள் குடும்ப வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணிய சம்பந்தி, பட்டு வேட்டியோடு பக்கத்தில் விழுந்து கும்பிட்டார். அவர் தம்பிமார் நால்வரும் வரிசையாக விழுந்தார்கள்.

அண்ணே எழுந்து, "சுத்தம்! ஒரு குறையும் இல்ல!" என்றார்.

"நல்ல வாக்கு!" என்று சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தட்டு மாறியதும் என் மகள் முதலில் போய் விழுந்தது நோட்டீஸ் அண்ணே காலில்தான். அவள் தலையில் கை வைத்தபடி அப்படியே நின்றார், கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

இப்போது அண்ணே அக்கரையில், பட்டர்வொர்த்தில் தன் மகன் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஃபெர்ரி ஏறிப் போய், எங்கள் வீட்டுக்கு வாங்க அண்ணே என்று கையோடு அழைத்து வந்துவிடுகிறோம். அவர் வராத மாதம் எங்களுக்கு நன்றாகவே இருப்பதில்லை.