புள்ளியைத் தொலைத்த கமாண்டு அண்ணன்

மவுஸைத் தொடாமலே கம்ப்யூட்டரைக் கட்டி ஆண்ட மாமன்னர் உலகத்தில் ஒருவர்தான். அவர் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருந்தார்.

எந்த வேலையானாலும் கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்டு அடித்தே முடிப்பார். எண்டர் தட்டும்போது மட்டும், "போய்ட்டு வாடா ராசா!" என்று வழியனுப்புவார். அதனால் கமாண்டு அண்ணன் என்று பெயர் வைத்தேன். தெரு அதைக் 'கமாண்டோ' என்று காதில் வாங்கி, பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று முடிவு கட்டிவிட்டது. டீக்கடைக்காரர் தினமும் சல்யூட் அடிப்பார். அண்ணனும் விறைப்பாகத் திருப்பி அடிப்பார்.

"உண்மையைச் சொல்லிரலாம்லண்ணே?"

"குடுக்குற மரியாதைய வேணாங்குறது மரியாதையாடா?"

அவர் விற்றது எழுத்து ஓடும் எல்.இ.டி. போர்டு. அதில் ஓடும் தமிழ் எழுத்தெல்லாம் அவரே கட்டம் போட்டு, புள்ளி புள்ளியாக வைத்து உருவாக்கியது. 'ழ'வின் வாலை அவர் வளைக்கும் நேரத்தில் பக்கத்துக் கடையில் நான்கூடத் தும்மக் கூடாது.

ஒருநாள் ஆலங்குடிக் கல்யாண மண்டபத்துக்குப் புது போர்டு மாட்டினோம். 'மாட்டினோம்' என்றால் அவர் மாட்டினார். நான் ஏணியைப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு ஏணியில் சாய்ந்திருந்தேன். மாலையில் வரவேற்பு. போர்டைப் போட்டால் தமிழுக்குப் பதிலாக வெறும் கட்டம் கட்டமாக ஓடுகிறது. பழைய வகை போர்டுக்காக அண்ணன் செய்து வைத்திருந்த எழுத்துக் கோப்பை இந்தப் புதுசு சீந்தவே இல்லை.

மண்டபத்து முதலாளி அவசரப்பட்டார். "விடுங்க, இங்கிலீஷ்ல ஓட்டிக்கிறேன்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந் தமிழு ஓடலேன்னா இந்தப் போர்டக் கழட்டிட்டுப் போயிருவேன். அதோட கடையையும் மூடிருவேன்!"

லேப்டாப்பைத் திறந்தார். ஒரு வகை எழுத்துக் கோப்பை இன்னொரு வகையாக மாற்றும் குட்டிக் கருவி ஒன்று வைத்திருந்தார். பட்டன் கிடையாது, படம் கிடையாது, கமாண்டு ஒன்றுதான். அடித்தார். "போய்ட்டு வாடா ராசா!"

தமிழ் ஓடியது! நான் கைதட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"செ... ல... வ... ம. யாருய்யா செலவம? எம் மகன் பேரு செல்வம்!"

மாற்றியதில் கருவி மேல் வரிசையை வெட்டிவிட்டிருந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளி குடியிருந்ததே அந்த வரிசையில்தான்! மணமகள் வள்ளி, வளளியாகித் திக்கிக்கொண்டு ஓடினாள்.

பெண்ணின் அப்பா பெருமூச்சு விட்டார். "சரியாத்தான இருக்கு சம்மந்தி? எனக்குச் செலவுதானுங்களே!"

சம்மந்தி சிரிக்கவில்லை. வாசலில் முதல் வேன் வந்து நின்றது. முதலாளியின் கை சுவிட்சை நோக்கிப் போனது. அந்த இக்கட்டில் என் மூளை மின்னியது.

"அண்ணே! பொம்பளையாளுககிட்ட ஸ்டிக்கர் பொட்டு வாங்கியாரேன். போர்டு மேல ஒட்டிருவோம்!"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். "எழுத்து ஓடும்டா. பொட்டு ஓடுமா? அங்கிட்டுப் போயி ஏணியப் பிடி!"

கமாண்டின் வாலில் எழுத்தின் உயரத்தை ஒரு வரிசை கூட்டினார். வேனிலிருந்து மேளம் இறங்கியது. எண்டர். இந்த முறை வழியனுப்பவில்லை. "ராசா, முழுசா வந்துருடா..." என்று கெஞ்சினார்.

வந்தது! செல்வம், வள்ளி, எல்லார் தலையிலும் புள்ளி! மேளக்காரர் தற்செயலாக ஓங்கி அடித்தார். எங்களுக்காகத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஊரே பந்திக்கு ஓட, அண்ணன் மட்டும் போர்டுக்குக் கீழே அண்ணாந்து நின்றார். "அண்ணே, எலை போட்டாச்சு." "இருடா. 'ம்' வருது, பாத்துட்டு வாரேன்."

அதன்பிறகு ஒரு வரிசை போனாலும் பிழைக்கட்டும் என்று எல்லாப் புள்ளியையும் இரண்டு வரிசை உயரத்துக்குக் கொழுக்க வைத்தார். போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு போர்டு கம்பெனி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. பக்கத்துக் கடை இப்போது செருப்புக் கடை; நான் இஷ்டத்துக்குத் தும்மலாம்.

ஆனாலும் அரிமளம் பஸ் வரும்போது அதன் நெற்றியில் அண்ணன் மாட்டிய போர்டில் 'ம்' தலைமேல் அந்தக் கொழுத்த புள்ளி ஒளிரும். என் கை தானாக சல்யூட் அடிக்கும். கண்டக்டர் தனக்குத்தான் என்று திருப்பி அடிக்கிறார். கொடுக்கிற மரியாதையை வேண்டாம் என்றா சொல்வது? நானும் வாங்கிக்கொள்கிறேன், அண்ணனுக்காக.