விமானத்தடி

மலர்வளையத்தோடு வந்த இரண்டு பேருக்கும் கதவைத் திறந்துவிட்டவர் கிளீட்டஸ். வளையத்தில் எழுதியிருந்ததும் அவருடைய பெயர்தான். அதை நிதானமாக வாசித்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஸ்மிதா, என்னைத் தேடி ஆளு வந்திருக்கு."

அன்று காலை ஜங்ஷனில் ஏறிய அவளுடைய ஃபிளெக்ஸ்தான் காரணம்.

அவர்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு பழைய ஜெட் விமானம் நின்றது. விமானப்படை எப்போதோ கொடுத்தது. இப்போது அதன் வாய்க்குள் காக்கை கூடு, வயிற்றில் டியூஷன் நோட்டீஸ். பக்கத்துப் பஸ் ஸ்டாப்புக்கு விமானத்தடி என்று பெயர். அதற்கு மேல் ஊருக்கு அதனால் உபயோகமில்லை. உடைத்து விற்கப் போவதாகப் பேரூராட்சி சொல்லிவிட்டது. பழைய இரும்பு விலையைக் கட்டிப் பழுதும் பார்த்தால் நிற்கட்டும் என்றார்கள்.

கிளீட்டஸ் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி போன பிறகு பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலமானால் விமானத்தடியில் கிடந்த இரும்பு பெஞ்சில் போய் உட்காருவார். நாகர்கோவிலில் வேலை முடிந்து ஸ்மிதா ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கும்போது, சத்தம் கேட்டுத் திரும்பியவர் போல ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "வாங்கப்பா, போவோம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு நடப்பாள். இந்த மனிதருக்கு மிச்சமிருப்பது அந்த விமானம் மட்டும்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொள்வாள். அது போனால் இவரும் போய்விடுவார் என்ற பயம் அவளுக்குள் ஈரத்துணி மாதிரி கிடந்தது.

விமானத்தைக் காப்பாற்றக் குழு அமைத்தாள். வீடு வீடாகப் பணம் கேட்டாள். "அந்தச் சவத்த வச்சு என்ன செய்யப் போற?" என்றார்கள். அதனால்தான் அப்பாவின் சீருடைப் படத்தோடு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாள். கடைக்காரன் வினோஜ் படத்தை வட்டத்துக்குள் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்திருந்தான்.

"முழு யூனிஃபார்ம் போட்டோவுக்குச் சேருக டிசைன் அதுதான் இருந்து, அக்கா."

மாற்றச் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. படம் குவைத் வரை போயிருந்தது. ஆழ்ந்த இரங்கலோடு பணம் வந்தது. உயிரோடிருந்த அப்பாவுக்காக இத்தனை மாதம் வராத பணம். ஸ்மிதா வாயை மூடிக்கொண்டாள்.

நேற்றுகூட அவரைப் பார்த்ததாக ஊரில் பலர் சொன்னார்கள். செத்தவர் யாரைப் பற்றியும் ஊர் அப்படித்தான் சொல்லும் என்பதால் சந்தேகம் வரவில்லை. மலர்வளையக்காரர்கள் பழைய படைவீரர்கள். செத்தவரோடு தேநீர் குடித்துவிட்டு, நல்ல காரியம் என்று ரகசியத்தைக் காப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஒரு அத்தை ஒப்பாரியோடு வந்தாள். கிளீட்டஸ் முகம் மழிப்பதைப் பார்த்தவள், ராகத்தை மாற்றாமலேயே திட்டத் தொடங்கினாள்.

"விமானம் நம்ம கைக்கு வருகது வரைக்கும் வெளிய போவாண்டாம்ப்பா" என்றாள் ஸ்மிதா.

அவர் மறுக்கவில்லை. சாயங்காலமானால் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்றார். குழு வேலையாக அலைந்துவிட்டு அவள் யாராவது ஒருவருடைய ஸ்கூட்டரில் இருட்டிய பிறகு வருவாள்.

"ஆறு மணி பஸ் போச்சா?" என்று கேட்பார்.

"அது எப்பவோ போச்சுப்பா."

தட்டில் சோறு மிச்சமானது. சட்டை தோளில் தொங்கியது. விமானத்துக்காக ஏங்குகிறார் என்று அவள் இன்னும் அதிகமாக அலைந்தாள், இன்னும் தாமதமாக வந்தாள்.

கடைசியில் விமானத்தைச் சுற்றிப் போடும் வேலிக்குப் பணம் குறைந்தது. பூங்காவில் கிடந்த பழைய இரும்பையெல்லாம் விற்கலாம் என்றது குழு. ஒடிந்த ஊஞ்சலோடு மற்றதும் லாரியில் ஏறியது.

திறப்பு விழாவில் கிளீட்டஸின் நினைவைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, தலையில் துண்டைப் போட்டு அவரை அழைத்து வந்தாள். புது வெள்ளிப் பெயிண்ட்டில், பூட்டிய வேலிக்குள் விமானம் மின்னியது.

அப்பாவின் கண்ணில் நீர் வரும் என்று காத்திருந்தாள். அவர் தலையை உயர்த்தவில்லை. வேலியின் உள்ளே தரையில் தெரிந்த நான்கு குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சந்தோஷமாப்பா?"

"ம்" என்றவர், கால் வலித்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கேட்டருகே கடலை வறுக்கும் முத்துக்கனி, செத்தவரைக் கண்டு திகைக்கவில்லை. வழக்கம்போல ஒரு பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். பிறகு ஸ்மிதாவிடம் திரும்பினாள்.

"அவரு இருக்க பெஞ்ச எங்க மக்கா கொண்டு போட்டிய? பிளேனுக்கு முதுகக் காட்டிட்டுல்லா அதுல இருப்பாரு, உனக்க பஸ்சு வருகதப் பாத்துட்டு."