கந்தப்பு நான்தான்

"அந்தப் புத்தகத்தை முதல்ல இஞ்ச தாரும்!" என்று வாசிகசாலைச் செயலாளர் தவராசாவின் கையிலிருந்து பறித்தார் அப்புத்துரை.

பறிக்கத்தானே வேணும். ‘பரணில் ஒரு வீரன்’ என்ற நாவல் வந்த மூன்று வருசமாக மனுசன் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. "அதில வாற கந்தப்பு நான்தான்! கொம்பன் யானையைத் தனியாளாய்க் கலைச்சவன்!" என்று முள்ளியவளைச் சந்தையிலும் பஸ்ஸிலும் மட்டுமல்ல, செத்தவீட்டிலும் சொல்லிவிட்டார். அந்தப் புளுகை நம்பியே வருகிற சனிக்கிழமை அவரை வாசிகசாலைத் தலைவராக்கவும் இருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அதே எழுத்தாளர், நாவற்காட்டான் என்பவர், ‘பரணுக்குக் கீழே’ என்று துணைநாவல் எழுதியிருந்தார். அதே கதைதான். ஆனால் சொல்வது கந்தப்புவின் பெண்சாதி. யானை வந்ததும் கந்தப்பு காவல் பரணில் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுகிறார். கீழே நின்று தகரம் தட்டி யானையைக் கலைப்பது அவள். கந்தப்புவின் பங்குக்கு இடுப்புச் சாரம் மட்டும் கீழே விழுகிறது.

அப்புத்துரை பறித்த இந்தப் புதுப் புத்தகத்தை வீட்டு நெல்மூட்டைக்குள் புதைத்தார். பெரிய மூளை! அந்த வாசிகசாலையில் புதுப் புத்தகம் வந்தால் பின்னேரத்தில் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம். புத்தகத்தைக் காணவில்லை என்றதும் அதுவரை எட்டிப்பாராதவனும் வந்து குந்திவிட்டான். தவராசா புதுக்குடியிருப்புக்குச் சைக்கிள் உழக்கி இன்னொரு பிரதி இரவல் வாங்கிவந்தான்.

வாசித்து முடிந்ததும் அப்புத்துரை எழும்பினார். "கந்தப்பு நானில்லை!"

"அப்ப பழைய புத்தகத்தையும் எடுத்துப் பாப்பமே," என்றான் தவராசா. இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டார்கள்.

"அண்ணை, நாங்கள் முதல் புத்தகத்தைச் சரியா வாசிக்கேல்லை. ‘கந்தப்பு உயரத்தில் நின்றான், விடியும்வரை இறங்கவில்லை’ எண்டு கிடக்கு. வீரமெண்டெல்லோ நினைச்சம்! மனுசன் பயத்தில இறங்கேல்லை. ஒரு பொய்யும் எழுதேல்லை, பாருங்கோ. இப்பதான் அந்தப் புத்தகமே ருசிக்குது," என்றான் தவராசா.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

வீட்டுக்கு வந்த அப்புத்துரை கத்தினார். "சிவனேஸ்வரி! பேனையை எடு. உன்ர கையெழுத்துத்தான் வடிவு. எழுது: ‘நாவற்காட்டான், நீர் ஒரு பொய்யன். யானை வந்தபோது நீர் அங்கே நின்றீரோ?’"

"கேள்விக்குறி போடவோ?" என்றாள் மனைவி சிவனேஸ்வரி.

"ரெண்டு போடு!"

"ஆள் நல்லாத்தான் எழுதியிருக்கு..."

"புத்தகத்தைப் பற்றி உனக்கென்னடி தெரியும்? எழுதி முடிச்சிட்டு அடுப்பைப் பார்!"

அவள் எழுதினாள். அச்சகத்தின் விலாசத்தைப் போட்டு, தானே கொண்டுபோய்த் தபாலிலும் சேர்த்தாள்.

சனிக்கிழமை காலை. கூட்டத்தில் அப்புத்துரை சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு முழங்கினார். தலைவர் கதிரையில் கண் இருந்தால் வாய் சும்மா கிடக்குமா?

"அந்தப் பொய்யனுக்குக் கடிதம் போட்டிட்டன்! யானை வந்த அண்டைக்கு அவன் அங்க நிண்டவன் எண்டு நிரூபிக்கட்டும். நிரூபிச்சால் தலைவர் பதவி எனக்கு வேண்டாம். அவனுக்கே குடுங்கோ!"

"சம்மதமோ அண்ணை?" என்று தவராசா கேட்டான்.

"சத்தியமாய்ச் சம்மதம்! எழுதி வையும்!"

தவராசா கூட்டக் கொப்பியில் எழுதிவைத்தான். அந்த நேரம் வாசிகசாலைப் பேப்பர்களோடு தபால்காரர் மரியநேசன் வந்து சைக்கிளைச் சாத்தினார்.

"அப்புத்துரை அண்ணை, நீங்கள் நாவற்காட்டானுக்குப் போட்ட கடிதத்தை அச்சகத்தார் அவரின்ர விலாசத்துக்குத் திருப்பி விட்டிருக்கினம்."

"ஆ! எங்க இருக்கிறானாம் கள்ளன்?"

மரியநேசன் கடிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"உங்கட வீட்டு விலாசம்தான் அண்ணை. இதை இஞ்ச தரட்டோ, இல்லாட்டி நாவற்காட்டானுக்கு வாற மற்றக் கடிதங்களைப்போல சிவனேஸ்வரி அக்காவின்ர கையிலயே குடுக்கட்டோ?"