பூஞ்சணத்துக்காக வாதாடியவர்

மூலக் கட்டுரையையே வாசித்தவர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. பத்திரிகையில் கண்ட செய்தியொன்றை நீங்கள் சொல்லத் தொடங்கியதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அது சுருக்கம். நான் முழுசையும் வாசிச்சனான்." அவ்வளவுதான். உங்கள் தேநீர் ஆறிவிட்டது.

வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றில் வசிக்கும் சிவபாதசுந்தரம் இவ்வினத்தின் நிறைவான மாதிரி. காப்புறுதி நிறுவனமொன்றில் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர்; தாவரவியலைத் தாமாகவே இணையத்திலிருந்து எடுத்து, அச்சிட்டு, துளையிட்டு, கோப்பிலிட்டுக் கற்றவர். மொட்டைமாடியில் சாடிகளில் அவர் வளர்க்கும் கத்தரியும் வெண்டியும் அவருக்குச் செடிகள் அல்ல, சான்றுகள்.

அண்மையில் அவரைப் பிடித்தாட்டுவது நனோத் துணிக்கை. அதாவது, கண்ணுக்குப் புலப்படாத அளவில் தொழிற்சாலைகள் செய்யும் பொடி: வெயில் தடுக்கும் களிம்பில் துத்தநாகம், நாறாத காலுறையில் வெள்ளி. இவை கழுவிய நீரோடு மண்ணிற் சேர்ந்து, வேர்வழியே கத்தரிக்காய்க்குள் ஏறக்கூடும். வேரோடு கூடிவாழும் பூஞ்சணமோ அவற்றைத் தன் இழைகளிற் பிடித்து வாசலிலேயே நிறுத்திவிடுகிறதாம். சில மண்ணில் இதற்கு மாறாகவும் நடக்கலாம், எல்லாம் அளவையும் மண்ணையும் பொறுத்தது என்றொரு வரியும் அதே கட்டுரையில் உண்டு. அந்த வரிக்கு மட்டும் அவர் மஞ்சள் மை பூசவில்லை.

"ரெண்டு காய் ஆய்ஞ்சு தாங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்பது இத்துறையில் அவருடைய மனைவி சிவமணியின் நிலைப்பாடு.

இப்படியிருக்க, மொட்டைமாடிக்கு நேர்கீழ் வீட்டிற்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து கொன்ஸ்ரன்ஸ் என்ற பெண் குடிவந்தார். அவருடைய படுக்கையறை உட்கூரை ஈரம் ஊறிப் பூஞ்சணம் படர்ந்து கறுத்தது. மேலே தண்ணீர் ஊற்றுகிறவர் யார்? சிவபாதசுந்தரம். சாடிகளை அகற்றுமாறு நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. சொட்டு நீரும் சிந்தாமல் சாடிதோறும் தட்டு வைத்திருந்த மனிதருக்கு இது பொறுக்குமா? கோப்புகளைச் சுமந்துகொண்டு கூட்டத்துக்குப் போனார்.

அங்கே அதிசயம் நடந்தது. குழுத்தலைவர் ராகுலன் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "அண்ணை, குழாய் வேலை செய்யிற பாஸ் வந்து சுவரை உடைச்சுப் பார்த்தவர். குழாய்தான் ஒழுகுது. உங்கட சாடியளில பிழையில்லை."

"சொறி அங்கிள்," என்றார் கொன்ஸ்ரன்ஸ். "நான்தான் அவசரப்பட்டுட்டன்."

வாசகரே, வாழ்க்கையில் எத்தனை பேருக்கு இப்படியொரு வெற்றி வாய்க்கும்? எழுந்து போயிருக்கலாம். ஆனால் கோப்பு இன்னும் திறக்கப்படவில்லையே!

"ஒரு நிமிஷம்," என்று எழுந்தார் சிவபாதசுந்தரம். "பூஞ்சணமெண்டால் ஏன் எல்லாரும் பயப்படுறியள்? என்ர சாடியளில இல்லாத பூஞ்சணமே? நானே தேடி வாங்கிப் போட்டு வளர்க்கிறன். வேர் நுழையாத இடத்துக்குள்ளயும் அது நூல் விட்டுப் போகும். ஊசித்துளை காணும், அதுவே போதும்!"

பாடப்புத்தகத்தில் உள்ளபடி 'பங்கசு' என்றிருந்தால் தப்பியிருப்பார். சபைக்கு விளங்கட்டுமென்று வீட்டுச் சொல்லை எடுத்தார். பழைய பாணிலும் ஊறுகாய்ப் போத்தலிலும் கொன்ஸ்ரன்ஸின் உட்கூரையிலும் படர்வதற்கும் அதுதானே பெயர்?

"வளக்கிறீங்களா? வேணுமெண்டேவா?" கொன்ஸ்ரன்ஸ் எழுந்துவிட்டார். "என்ட புள்ள ராவெல்லாம் இருமுது, அங்கிள்!"

"பிள்ளை, அது வேற பூஞ்சணம்..."

"எதுவா இருந்தா என்ன? ஊசித்துளை காணுமெண்டு நீங்கதானே சொன்னீங்க!"

"நனோத் துணிக்கையைத் தடுக்கிறதுக்கு..."

"துணிக்கையும் விடுறீங்களா?"

ராகுலன் நெற்றியைத் தடவினார். "வெண்டுபோட்டெல்லே இருந்தனீங்கள். ஏன் அண்ணை எழும்பினீங்கள்?"

வாக்கெடுப்பு நடந்தது. சாடிகளுக்காக உயர்ந்த கை ஒன்றே, அது அவருடையது. பக்கத்திலிருந்த சிவமணி அந்நேரம் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். மறுநாளே சாடிகள் கீழே இறங்கின. காய்க்கத் தொடங்கியிருந்த கத்தரி மின்தூக்கிக் கதவில் இடித்து முறிந்தது. சிவபாதசுந்தரம் இப்போது மேன்முறையீடு எழுதுகிறார். பின்னிணைப்புகள் தனிக்கட்டாக வரும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்றிரவு கத்தரிக்காய்க் குழம்பு இலையில் விழும்போது, "இதுக்குள்ள நனோத் துணிக்கை ஏறியிருக்கும், தெரியுமோ? பூஞ்சணம் இருந்தால் தடுக்குமாம்" என்று தொண்டையைச் செருமப்போகிறவர் யார்? அவராவது மூலக் கட்டுரையை வாசித்தார். நீங்கள் வாசித்தது இதைத்தான்.