ஜன்னலோரமும் கொரில்லாவும்

டிவியை ஜன்னலோரத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகர்த்தவிட மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வாயில் நுரை இருந்ததால் வெளியே சொல்லவில்லை. நுரை இல்லாத நேரத்திலும் நான் அதிகம் சொல்வதில்லை.

என் மனைவி தையற்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறாள். அவளுடைய மிஷின் கூடத்தின் இருட்டு மூலையில் நிற்கிறது. வெளிச்சம் வரும் ஒரே ஜன்னலை என் டிவியும் சோபாவும் பிடித்துக்கொண்டிருந்தன. ஊசியில் நூல் கோர்க்கவே கண் வலிக்கிறது, இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நியாயம்தான். ஆனால் அந்த மூலையில் சோபா நுழையாது, ஸ்டூல்தான் போடலாம். ஸ்டூலில் குந்திக்கொண்டு ஒரு மனிதன் எப்படிக் கொரில்லாவைக் காப்பாற்றுவது?

வீடியோ கேம் கொரில்லாதான். இடுப்பில் மஞ்சள் துண்டு, களவு போன தேனடையைத் தேடி மரத்துக்கு மரம் தாவுகிறவன். முதல் பாகம் வந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது ஒன்பதாம் பாகம், மீசையில் நரை. எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பகலெல்லாம் நான் தொங்குகிறேன், சாயங்காலம் அவனைத் தொங்கவிடுகிறேன். என் மனைவிக்கு அவன் ‘உங்க அண்ணன்’.

இந்தப் பாகத்தில் நான் சூரப்புலி. ஏழாம் லெவலில், பாலம் இடியும் இடத்தில், நாலு நாள் தவித்தேன். ஐந்தாம் நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் அண்ணன் எட்டாம் லெவலில் நிற்கிறான்! டிவி முன்னாலேயே தூங்கிப்போகிற பழக்கம் எனக்கு உண்டு. முந்தின ராத்திரி கண்ணயர்வதற்குள் தாண்டியிருக்கிறேன். பத்தாம் லெவலிலும் இப்படித்தான், பன்னிரண்டிலும் இப்படித்தான். "எனக்கே தெரியாம என் கை ஆடுது" என்று வேலை செய்யும் இடத்தில் சொன்னேன். மேஸ்திரி எழுந்து வந்து கைகொடுத்தார். பதினாலாம் லெவல் அருவி மட்டும் மூன்று வாரமாக மசியவில்லை.

அன்று அவள் அளவு நாடாவோடு வந்து டிவி மேசையை அளந்தாள்.

"என்ன அளக்குறே?"

"மிஷின் இங்க நிக்குமான்னு."

"அப்ப டிவி?"

"மூலைக்கு."

"அங்க ஒண்ணும் கண்ணு தெரியாதே!"

"எனக்குத் தெரியலைன்னா பரவாயில்லையா?"

மூளையைக் கசக்கினேன். துடைப்பதற்குத் தவிர அவள் என் கேம் கன்ட்ரோலரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"பந்தயம் வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் ஆடுவோம். ஜெயிச்சவங்களுக்கு ஜன்னலோரம்."

"எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?"

"முதல் லெவல்தான். பச்சைக் குழந்தை ஆடும்."

"வேணாம். அப்புறம் பாவம்னு விட்டுக்கொடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. இப்ப நீங்க நிக்கிறது எது?"

"பதினாலு."

"அதுலயே வைங்க. ஆளுக்கு மூணு உயிர்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பிற்பாடு பேச்சு மாறக்கூடாது என்று அவளுடைய ஆர்டர் நோட்டிலேயே ‘தோற்றவர் மூலைக்குப் போக வேண்டியது’ என்று எழுதினேன். முதல் கையெழுத்தும் நானே போட்டேன்.

முதலில் நான் ஆடினேன். முதல் உயிர் பாறையில் வழுக்கிப் போனது. இரண்டாவதை மீன் கவ்வியது. மூன்றாவது, விழுதைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தது.

அவள் சோபா நுனியில் உட்கார்ந்தாள். வலது கால் தரையில் மெல்ல ஏறி இறங்கியது, மிஷின் மிதிப்பதுபோல. கொரில்லா தாவினான், பிடித்தான், விட்டான், பிடித்தான். அருவிக்கு அந்தப் பக்கம் நின்று மார்பில் அடித்துக்கொண்டான். எனக்கும் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"எப்படி?"

"பன்னெண்டு எண்ணித் தாவணும். நீங்க பத்துலயே அவசரப்படுறீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாலத்துலயும் அப்படித்தானே விழுந்தீங்க?"

"பாலத்தை நான் தாண்டிட்டேனே!"

அவள் என்னைப் பார்த்தாள். தையல் பிரிந்த சட்டையை அப்படித்தான் பார்ப்பாள்.

"ஏழு, பத்து, பன்னெண்டு. மூணுலயும் மாட்டிக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. சோறுகூட இறங்கலை. பாவமா இருந்துச்சு. பகல்ல நான்தான் தாண்டிவிட்டேன்."

மேஸ்திரி கைகொடுத்தது ஞாபகம் வந்தது. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அப்ப பதினாலை மட்டும் ஏன் விட்டே?"

"எனக்கு வெளிச்சம் வேணுமே."

மேசையை நான் ஒருவனே நகர்த்தினேன். சோபா படுக்கையறைக்குப் போனது. ஒரு வாரம் ரோஷத்தோடு ஸ்டூலில் இருந்தேன். பதினைந்தாம் லெவலில் எரிகிற மரம் ஒன்று வந்தது. ரோஷம் எரிந்துபோனது.

"இந்த ஒரு இடத்தை மட்டும்..." என்று இழுத்தேன்.

"ரெண்டு டஜன் சட்டைக்குப் பொத்தான் தெச்சு வைங்க. அதுக்குள்ள பார்க்குறேன்."

இப்போது அவள் மூலையில், ஸ்டூலில், அண்ணனோடு பதினெட்டாம் லெவலில் இருக்கிறாள். ஜன்னலோரம் என்னவோ என்னிடம்தான் இருக்கிறது. பொத்தான் தைக்க அருமையான வெளிச்சம்.