பெண் பார்க்க வந்தவர்கள் கேக் பார்த்த கதை

யூடியூபில் கேக் செய்கிற பெண்களுக்கு வியர்ப்பதே இல்லை. மாவு மேலே தெறிப்பதில்லை. ஓவனைத் திறந்தால் கேக் மட்டும்தான் வருகிறது, புகை வருவதில்லை. நாமும் அப்படித்தான் இருப்போம் என்று நம்பிவிடுகிறோம். நான் நம்பினேன்.

மலைமேல், காவலூர் பக்கம் எங்கள் ஊர். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒரு தீபாவளிக்கு கன்வெக்ஷன் ஓவன் ஒன்றை பஸ்ஸில் ஏற்றி, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அதற்கு வேண்டிய குண்டு பின் பிளக் பாயின்ட் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்ததால் ஓவனும் அங்கேயே குடியேறியது. அதில் நேற்றைய குழம்பைச் சுடவைப்போம். மற்ற நேரங்களில் அதன் தலைமேல் ஊறுகாய் ஜாடி இருக்கும்.

அப்போதுதான் படவேட்டிலிருந்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் குமரேசன். போளூரில் மருந்துக்கடை. போனில் சில முறை பேசியிருந்தோம். (அவர் பேசினார், நான் "ஊம்" கொட்டினேன். ஆனால் ஆசையாகக் கொட்டினேன்.) எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதற்கு முன் வந்தவர்கள் "மலைமேல பொண்ணெடுத்தா போக வர கஷ்டம்" என்று நழுவியிருந்ததால், இதுவும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

அம்மாவுக்கும் அதே பயம். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில் ஒரே போடாகப் போட்டாள்.

"எங்க பொண்ணுக்குத் தெரியாத வேலையே இல்லீங்க. மலைச் சாமையில கேக்கு கூட செய்வா."

"அப்படீங்களா? பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கி அதையே செய்யச் சொல்லுங்க. சாமையில சோறு துன்னிருக்கிறேன், கேக்கு துன்னதில்ல."

அம்மா போனை வைத்ததும் நான் கத்தினேன். "எம்மா, நான் எப்பம்மா கேக்கு செஞ்சேன்?"

"இனிமே செய்வே இல்ல? அதத்தான் சொன்னேன்."

அந்த நாளும் வந்தது. வீடியோவில் ஒரு சின்ன ஸ்பூன் சோடா உப்பு போடச் சொன்னார்கள். எங்கள் வீட்டு ஸ்பூன் கொஞ்சம் பெரிசு. அதற்குமேல், உப்பாமல் போய்விட்டால் மானம் போய்விடுமே என்று இன்னொரு ஸ்பூனும் போட்டேன். டின்னில் பாதி வரை ஊற்றச் சொன்னார்கள். மாவை வீணாக்குவானேன் என்று விளிம்பு வரை ஊற்றினேன். ஓவனில் வைத்து சுவிட்சைப் போட்டால், கரண்ட் இல்லை. எங்கேயோ கம்பிமேல் மரம் சாய்ந்துவிட்டதாம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கரண்ட் வந்தது. "நல்ல சகுனம்" என்று சொல்லி அம்மாவே ஓவனைத் தட்டிவிட்டாள். அது உள்ளே விளக்கை எரியவிட்டு, ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறும் பஸ் மாதிரி உறும ஆரம்பித்தது.

குமரேசனின் தாய்மாமா, காவலூர் வானாய்வுக்கூடத்து டெலஸ்கோப்பைப் பார்க்கலாம் என்ற ஆசையில் மலையேறி வந்தவர். இன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பா சொன்னதிலிருந்து முகம் வாடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள் விளக்கு எரிந்ததும் நாற்காலியை ஓவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் திருப்பினார்கள்.

பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கையில் காபித் தட்டு. நான் ஹாலுக்குள் வந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"எயும்பிக்கினு வருது பாரு!" என்றார் மாமா.

அம்மா பெருமையாகச் சிரித்தாள். கேக் விளிம்பைத் தொட்டது. தாண்டியது.

"இன்னாங்க, இன்னும் வருது?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. கேக் நிற்கவில்லை. பக்கவாட்டில் வழிந்து அடியில் சொத்துச் சொத்தென்று விழுந்து கருகியது. ஓவனுக்குள் சுற்றிய விசிறி அந்தப் புகையை வீணாக்காமல் எல்லோருக்கும் பங்கு போட்டது. நான் தட்டை எங்கேயோ வைத்துவிட்டு, முந்தானையால் பிடித்து டின்னை வெளியே இழுத்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு, கேக் நடுவில் அப்படியே குழியாக உள்வாங்கிவிட்டது.

எல்லோரும் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். மாமா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே டின்னை எட்டிப் பார்த்தார்.

"டெலஸ்கோப்ல பாத்தா நெலாவுல குயி தெரியும்னாங்க. இங்கியே பாத்துட்டேன்."

நான் டின்னைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் அழ ஆரம்பித்தேன். நானே என் கல்யாணத்தை வேகவைத்துக் கருக்கிவிட்டேன் என்று தோன்றியது. பின்னாலேயே குமரேசன் வந்தார். ஒரு ஸ்பூனை எடுத்து, வேகாத நடுப்பகுதியிலிருந்து ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டார்.

"நடுவுல பாயசம், சுத்தி கேக்கு. ரெண்டையும் ஒரே பாத்திரத்துல எப்படிங்க செஞ்சீங்க?"

"துப்பிடுங்க. ஒரே சோடா நாத்தம்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மருந்துக்கடக்காரன்ங்க நான். இதவிட மோசமானதெல்லாம் முயுங்கியிருக்கிறேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறியது. அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வெளியே அம்மாவின் குரல் உடைந்து கேட்டது.

"அவ மேல தப்பில்லீங்க. இன்னிக்கிதான் மொத மொத செய்யறா. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

நான் சமையலறைக் கதவோரம் போய்க் காதை நீட்டினேன். பிறகு அவருடைய அம்மா சொன்னார்:

"எம்மவன் கயனி வேலையெல்லாம் பாப்பான்னு நான் சொன்னேன் இல்லீங்களா? மம்முட்டிய எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே அவனுக்குத் தெரியாதுங்க."

சமையலறையில் குமரேசனின் முகம் கேக் நிறத்துக்குப் போனது. வாசலில் சிரிப்பு வெடித்தது. அங்கேயே தாம்பூலம் மாற்றத் தேதி பேசினார்கள்.

இப்போது படவேட்டில் பிறந்தநாள் என்றால் என்னிடம்தான் சாமை கேக் கேட்டு வருகிறார்கள். எங்கள் கல்யாண நாளில் மட்டும் மாமா வந்து, "அந்த நெலா கேக்கு வேணும்" என்று அடம் பிடிப்பார். நானும் சோடாவை அள்ளிப் போட்டு, மாவை விளிம்பு வரை ஊற்றி, பாதியில் கதவைத் திறந்து, என்னென்னவோ செய்து பார்க்கிறேன். கேக் வழிகிறது, சாய்கிறது. ஆனால் அந்தக் குழி மட்டும் மறுபடி விழவே இல்லை. போன முறையும் மாமா டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கெட்டுப் போய்ட்டம்மா நீ. நல்லா செய்யக் கத்துக்கினே."