பூசணிக்காய் பருமனில் ஒரு நம்பர்

முகப்புப் பக்கத்தில் இருந்த போன் நம்பர் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பது பூட்டுக்காரரின் குறை.

"வாரத்துக்கு ஒருத்தர், ரெண்டு பேருதான் கூப்பிடறாங்க. நம்பர் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே?"

"அப்பா, சாவியைத் தொலைச்சுட்டு வாசல்ல நிக்கிறவங்கதான் வெப்சைட்டைப் பாப்பாங்க. என்ன வேலை, எந்தப் பக்கம், என்ன நம்பர். இது போதும்," என்றாள், அந்தப் பக்கத்தை உருவாக்கிய மகள்.

போதும் என்றால் கேட்கிற ரகமா அவர்? இந்த மாதமும் வியாபாரம் படுத்தால் மச்சானின் மெத்தைக் கடைக்குத்தான் போயாக வேண்டும். அங்கே காலியாக இருந்தது ஒரே வேலை. வருகிறவர்கள் எதிரில் மெத்தை மேல் குதித்துக் காட்டுவது.

மகள் ஆபீஸ் போனதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பழைய நம்பரை அழித்துவிட்டு, பூசணிக்காய் பருமனில் தானே ஒன்றை அடித்தார். பின்னால் ஒரு தங்கப் பூட்டையும் சுழலவிட்டார்.

அதோடு போன் வாயை மூடிக்கொண்டது.

"பூட்டு சுத்தறதைப் பாத்துத் தலைசுத்தி விழுந்திருப்பாங்க," என்றாள் மனைவி. "நாலு பேர் உங்களை நல்ல விதமா சொன்னாத்தான் நம்பிக் கூப்பிடுவாங்க. அதுக்கு அந்தப் பக்கத்துல ஒரு இடம் விடுங்க."

விட்டார். மறுநாளே பாராட்டு கொட்டியது.

'சத்தமே இல்லாமல் திறந்தார். தங்கமான கை.'

'எங்கள் நாய்கூடக் குரைக்கவில்லை.'

'கும்மிருட்டு. டார்ச் வேண்டாம் என்றுவிட்டார்.'

பூட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "நான் எந்த வீட்டுக்கும் போகவே இல்லையேடி."

"தூக்கத்துல நடந்து போயிருப்பீங்க."

எவனோ உள்ளே புகுந்து விளையாடுகிறான் என்று பாஸ்வேர்டை மாற்றினார். தொழில் தெரிந்தவர் போட்ட பூட்டு, லேசில் உடையுமா? சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாஸ்வேர்ட் மறந்துபோய் அவருக்கே திறக்கவில்லை. மறந்தால் மீட்டுத் தருகிற மெயிலுக்கும் அதையே போட்டு வைத்திருந்தார்.

சாயங்காலம் வந்த மகள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம நம்பர்ல கடைசி எண் ரெண்டு. நீங்க மூணு போட்டிருக்கீங்க. தப்பை இவ்வளவு பெருசா எழுத ஒரு தைரியம் வேணும்பா."

"மாத்திடும்மா."

"எப்படி மாத்தறது? அதான் பூட்டிட்டீங்களே."

'எந்தப் பூட்டையும் திறப்போம்' என்ற வரிக்குக் கீழே தங்கப் பூட்டு சுழன்றுகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் அந்த நம்பருக்கே போன் போட்டார். எடுத்த குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"என் கஸ்டமருங்க எல்லாம் உங்களையா கூப்பிடறாங்க?"

"ஆமாங்க. ரொம்ப நல்ல மனுஷங்க."

"அப்ப யார் போய்த் திறந்து விடறது?"

"நான்தாங்க. அவ்வளவு தூரம் கெஞ்சறப்ப முடியாதுன்னு சொல்ல மனசு வரலை."

பூட்டுக்காரரின் கண்முன் மெத்தை ஒன்று மேலும் கீழும் குதித்தது. சட்டென்று குழைந்தார்.

"தம்பி, பேசாம என் கடைக்கே வந்துடுங்க. சேர்ந்தே பண்ணலாம். ஊர்ல பாதி வீட்டுக்கு மாற்றுச் சாவி இங்கதான் தொங்குது. ஆமா, இதுக்கு முன்னாடி எந்தக் கடையில இருந்தீங்க?"

"கடையெல்லாம் இல்லீங்க. சின்ன வயசுல இருந்து தனியாத்தான். ஆனா ஒண்ணுங்க, வீட்டுக்காரங்களே வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு கூப்பிட்டுத் திறக்கச் சொல்றது இப்பதாங்க முதல் தடவை."